ஆயிரத்து ஐந்து

மார்கழி பாதி போயிருந்தது. மழைத் தண்ணீரில் ஏரி நிறைந்து கிடந்தது. வடக்கே சேற்றுத் திட்டுகளில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. தோணிரேவுக் குப்பத்தில் ஆண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே மடவை மீன் வலையோடு கிளம்பிவிடுவார்கள். அங்கமுத்து மட்டும் குடிசைக்கு வெளியே மணலில் குந்தி, இடக்கையால் வலத்தோளைப் பிடித்தபடி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தோள் போனது புரட்டாசியில். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் தூரத்தில் நங்கூரம் போடும். கயிற்றால் தைத்த படகுகளில் துணிப்பொதிகளை ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். கோட்டையில் கொடி ஏறினால் தோணிரேவில் வீட்டுக்கு ஓர் ஆள் துடுப்புப் பிடிக்கப் போயாக வேண்டும். அதற்கு ஊழியம் என்று பெயர். காய்ச்சல், கல்யாணம், சாவு எதைச் சொன்னாலும் விடமாட்டார்கள். புரட்டாசியில் ஒருநாள் படகு அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பியபோது, துடுப்பு எகிறி அங்கமுத்துவின் தோள்மூட்டைக் கழற்றிவிட்டது. வைத்தியன் இழுத்துப் பொருத்தினான். ஆனாலும் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை கொடி ஏறியது. இரண்டு முறையும் அந்தக் கையோடுதான் போனார்.

மகன் தருமனை அனுப்பியிருக்கலாம். பதினாறு முடிந்தவன், தோளும் மார்பும் நன்றாக விரிந்தவன். அங்கமுத்து ஒப்பவில்லை.

"துடுப்பு புடிச்ச கையில அப்பால பலப்பம் நிக்காது," என்பார். "வீட்ல ஒருத்தன் கோட்டையில எயுத்துவேலைக்குப் போய்ட்டான்னா அந்த வீட்டுக்கு ஊழியமே கெடையாதுன்றாங்கோ. அதுவரைக்கும் நான் போறேன். ஒரு கை போதும்."

அவர் மனைவி இருசம்மாள் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விடுவாள். அவளுக்கு இன்னொரு மகன் இருந்தான். மூத்தவன், கோதண்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் கோட்டையில் பேர் கொடுத்துக் கப்பலேறிப் போனான். கூடப் போன ஒருத்தன் திரும்பி வந்து, அவனைக் கடல் தாண்டிப் பத்தாவியா துறைமுகத்தில் பார்த்தேன் என்றான். அடுத்த வருஷம் வந்தவன், இல்லை, அவன் கொழும்பிலேயே இறங்கிவிட்டான் என்றான். மூன்றாவதாக ஒருவன் வந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. இவளைத் தெருவில் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இருசம்மாள் எதை நம்புவது என்று தெரியாமல் மூன்றையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

கோட்டைக்கு வெளியே, நெசவாளர் தெரு முடிகிற இடத்தில் ஓர் ஓலைக் கொட்டகை. அதுதான் ஞானதாஸ் வாத்தியாரின் பள்ளிக்கூடம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுமாகப் பத்தொன்பது பேர் படித்தார்கள். காலையில் எண்சுவடி வாய்ப்பாடு. வெயில் ஏறியபிறகு கோட்டை எண், அதாவது ஒல்லாந்தர் எழுதும் எண். வாத்தியார் சிறு வயதில் கோட்டையில் ஓர் எழுத்தரிடம் வேலை செய்து அந்த எண்ணைக் கற்றவர்.

பிள்ளைகளுக்கு அது லேசில் பிடிபடவில்லை. நம் எண்ணில் பத்துக்கு ஓர் எழுத்து, நூறுக்கு ஓர் எழுத்து இருக்கிறது. முப்பத்தைந்து எழுத வேண்டுமானால் மூன்று, பத்து, ஐந்து என்று மூன்று எழுத்துகளை வரிசையாக எழுத வேண்டும். கோட்டை எண்ணில் பத்துக்கும் நூறுக்கும் தனி எழுத்து கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் மதிப்பு. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். "ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குய்யா எழுதணும்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். தருமன் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. இரண்டாம் நாளே மணலில் விரலால் எழுதிக் காட்டினான். அன்றிலிருந்து இரண்டு வருஷத்தில் அவன் ஒரு வட்டத்தைக்கூட இடம் மாற்றிப் போட்டதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கோட்டையிலிருந்து துரை ஒருவர் வந்து பத்துக் கணக்கு கொடுத்துப் பிள்ளைகளைச் சோதிப்பார். அந்த வருஷம் சோதனை வேறு மாதிரி இருக்கும் என்று துபாஷி சகாதேவன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். துபாஷி என்றால் துரை பேசுவதைத் தமிழிலும் நாம் பேசுவதைத் துரைக்கும் சொல்கிறவர். தை பிறந்ததும் ஒரு சின்னக் கப்பல் கரையோரமாக வடக்கே போகிறது. எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம் என்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்து எழுதி வரப் போகிறார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அதற்குக் கணக்குத் தெரிந்த, தண்ணீர் பழகிய ஒரு பையன் வேண்டும்.

"உங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தன் தேறினாலும் போதும்," என்றார் சகாதேவன். "ஒருத்தனும் தேறலைன்னா, இந்தக் கொட்டகை எதுக்குன்னு கேப்பாங்க. சொல்லிட்டேன்."

வாத்தியாருக்குக் கவலை இல்லை. தருமன் இருந்தான்.

சோதனையன்று துரை ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் தரையில் வரிசையாகக் கற்பலகையோடு உட்கார்ந்தார்கள். துரை ஒவ்வொரு கணக்காகச் சொல்ல, சகாதேவன் தமிழில் சொன்னார். ஏழு படகு, படகுக்குப் பதினைந்து பொதி, மொத்தம் எத்தனை? அறுபது பாகக் கயிற்றில் இருபத்தைந்து பாகம் நனைந்தது, நனையாதது எத்தனை? இப்படிப் பத்து. ஞானதாஸ் மூலையில் நின்றுகொண்டு தருமனைப் பார்த்தார். பையன் தயங்கவே இல்லை. ஒவ்வொரு கணக்கும் சொல்லி முடிப்பதற்குள் எழுதினான்.

துரை பலகைகளை வாங்கி மடியில் வைத்துத் திருத்தினார். தருமனின் பலகைக்கு வந்ததும் நிறுத்தினார். ஒரு தரம் வாத்தியாரைப் பார்த்தார். பிறகு சரசரவென்று கோடு போட்டார்.

"பத்துக்கு மூணு," என்றார் சகாதேவன். "யாருய்யா இந்தப் பையன்? ஏழு படகுல ஆயிரத்து அஞ்சு பொதி ஏத்தியிருக்கான். துரை கேக்கிறாரு, படகு முழுகாதான்னு."

பிள்ளைகள் சிரித்தார்கள். தருமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அதிகமாக வாங்கியவனுக்கே ஆறுதான். அவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கடலைக் கண்டாலே தலைசுற்றும் என்று அவன் அப்பாவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

*

எல்லாரும் போனபிறகு ஞானதாஸ் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தார். 1005 என்று இருந்தது. விடை நூற்றைந்து. கயிற்றுக் கணக்குக்கு 3105 என்று இருந்தது. விடை முப்பத்தைந்து. இன்னொன்றில் 102. அதற்கு விடை பன்னிரண்டு. சரியாக இருந்த மூன்றும் ஒற்றை எண்கள்.

பையனுக்கு உடம்பு சரியில்லையோ, யாராவது எதையாவது சொல்லிப் பயமுறுத்திவிட்டார்களோ என்று யோசித்தார். பிறகு பழக்கத்தில், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, வாய்விட்டுப் படித்தார். மூன்று, பத்து, ஐந்து. நிறுத்தினார். மறுபடியும் படித்தார். நூறு, ஐந்து. பத்து, இரண்டு.

ஏழும் சரி. கோட்டை எண்ணை எடுத்து, நம் எண்ணின் வரிசையில் வைத்திருந்தான். பத்து என்கிற எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வட்டமும். நூறு வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இரண்டு வட்டமும். ஒரு கணக்கில்கூடத் தவறு இல்லை.

அவருக்கு வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. மேல்துண்டைப் போட்டுக்கொண்டு பலகையோடு கோட்டைக்கு ஓடினார். சகாதேவனைப் பிடித்து, அவரோடு துரை முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். துரை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாமே ஒரு காகிதத்தில் இருநூற்று நாற்பத்தெட்டை அந்த மாதிரி எழுதிப் பார்த்தார். ஒரு முழ நீளத்துக்கு எண் வந்தது. தாடியைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் ஞானதாஸ்.

"இவனுக்கு ரெண்டுமே தெரியாது, இல்லன்னா ரெண்டுமே நல்லாத் தெரியும். எதுன்னு இந்தப் பலகையை வச்சிச் சொல்ல முடியலைன்றாரு. நாளைக்கிக் காலைல கோட்டைக்கே இட்டாரச் சொல்றாரு. இன்னொரு தரம் பாப்பாராம்."

சகாதேவன் வாசல் வரை கூட வந்தார். "ஏன் வாத்யாரே, மத்த பசங்க யாராச்சும் இப்டி எயுதியிருக்காங்களா?"

மற்ற பதினெட்டுப் பலகைகளையும் ஞானதாஸ் பார்த்திருந்தார். அவற்றில் சாதாரணத் தப்புகள்தான் இருந்தன. வட்டத்தை இடம் மாற்றிப் போட்டவன், வாய்ப்பாட்டை மறந்தவன், பக்கத்துப் பலகையைப் பார்த்தவன். இந்த மாதிரி ஒன்றும் இல்லை.

*

மதியத்துக்கு மேல் ஒரு தோணியில் ஏறித் தோணிரேவுக்குப் போனார். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. இருசம்மாள் வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அங்கமுத்து பாயை எடுத்துவந்து போட்டார்.

"குந்துங்க வாத்யாரே. பையன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கினோம். வந்ததும் வலய எடுத்துக்கினு ஏரிக்குப் போய்ட்டான். ஒரு வார்த்த பேசல."

"அண்ணே, அது ஒண்ணுமில்ல. நல்ல சேதிதான் சொல்ல வந்தேன். தருமன் எழுதினது எல்லாம் சரி. பத்துக்குப் பத்து. நான் துரைகிட்டயே போய்ச் சொல்லிட்டேன். நாளைக்கிக் காலைல மறுபடியும் கூப்பிட்டிருக்காரு."

அங்கமுத்துவின் முகம் விரிந்தது. நல்ல கையால் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியாம்மே? நான் சொல்லல? எம் புள்ள தப்பா எயுதமாட்டான்னு சொன்னனா இல்லையா?"

இருசம்மாள் வந்து மணலில் உட்கார்ந்தாள்.

"வாத்யாரே, அந்தப் பலகய எடுத்தாந்தீங்களா?"

"இதோ."

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. தருமனின் கையெழுத்தின்மேல் துரை போட்ட கோடுகளை விரலால் தொட்டாள்.

"இந்தக் கோடு?"

"தப்புன்னு துரை போட்டது."

"அப்போ இதெல்லாம் தப்புதானே."

"இல்லக்கா. கணக்கு சரி. எழுதின விதம்தான் வேற. நம்ம எண்ணு மாதிரி படிச்சா சரி. அவுங்க எண்ணு மாதிரி படிச்சா தப்பு."

"ஒண்ணு எப்டி சரியாவும் இருக்கும், தப்பாவும் இருக்கும்?"

ஞானதாஸ் விளக்க முயன்றார். மணலில் மூன்று, பத்து, ஐந்து என்று எழுதினார். பக்கத்தில் கோட்டை எண்ணில் எழுதினார். அவள் கவனமாகப் பார்த்தாள். பிறகு பலகையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.

"இன்னாம்மே சொன்ன?" என்றார் அங்கமுத்து.

"தப்பா எயுதச் சொன்னேன். முந்தாநேத்து. தண்ணி மொள்ளப் போனப்போ அவன் கொடம் தூக்க வந்தான். அங்க வெச்சி சொன்னேன். ஒருத்தன் போனது போதும்டா, நீயும் கப்பலேறிப் போய்ட்டா நான் யார் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கறது, தப்பா எயுதிட்டு வந்துருன்னு சொன்னேன். நைனாவுக்குத் தெரிய வேணாம்னு சொன்னேன்."

ஏரிக்கரையில் யாரோ தோணியை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது. அங்கமுத்து மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று ஞானதாஸ் பயந்தார். அவர் கோபப்படவில்லை. மறுபடி தோளுக்குப் போயிருந்த கையைக் கீழே எடுத்தார்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னா நீ விடுவியா? தோளக் காட்டுவ. நான் தோளப் பாத்தா புள்ளய அனுப்பணும். புள்ளயப் பாத்தா தோள அனுப்பணும். எனக்கு இன்னா வோணும்னு எனக்கே தெரியல, உன்னாண்ட இன்னான்னு சொல்றது?"

வாத்தியார் பக்கம் திரும்பினாள். "அவன் நான் சொன்னதயும் கேட்டிருக்கான், நீங்க சொல்லிக் குடுத்ததயும் கேட்டிருக்கான். தப்பான கணக்கு எயுத அவனுக்கு மனசு வரல. அதான் இப்டி எயுதியிருக்கான். நீங்க அதப் போய்த் தொரையாண்ட அவுத்துட்டீங்க."

ஒரு பையனுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஞானதாஸ் ஓடியிருந்தார். அவன் ஏன் அப்படி எழுதினான் என்று கேட்க ஒரு நாழிகை பொறுத்திருக்கலாம். கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்? மறைத்திருப்பாரா? அதுவும் தெரியவில்லை. மறைத்தால் பையன் இங்கே இருப்பான். அங்கமுத்துவின் தோளோ அடுத்த கொடிக்குத் தாங்காது. கொட்டகையும் இருக்காது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இழப்பதற்கு யாராவது ஒருவர் நின்றார்கள்.

தருமன் நனைந்த வேட்டியோடு கரையேறி வந்தான். கூடையில் நாலைந்து மடவைதான் இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றான்.

"தருமா," என்றார் வாத்தியார். "நீ எழுதினது எல்லாம் எனக்குப் புரிஞ்சிடுச்சு. வேணும்னு எழுதினியா, கை தவறி எழுதினியா?"

தருமன் கூடையைக் கீழே வைத்தான்.

"தெரியலைங்கய்யா. பலகய எடுக்கும்போது தப்பாத்தான் எயுதணும்னு நெனச்சேன். மொதல் கணக்கு சொன்னாங்க. விடை வந்துடிச்சி. அத்த விட்டுட்டு வேறொண்ணு எயுதலாம்னு பாத்தா, இன்னா எயுதறதுன்னு ஓடல. எந்த எண்ணப் போட்டாலும் அது ஏன் அந்த எண்ணுன்னு தோணிச்சி. கை அதுவா இப்டி எயுதிடிச்சி. அப்பால எல்லாத்தயும் அப்டியே எயுதினேன்."

"நாளைக்கு இன்னா எழுதுவ?"

தருமன் அம்மாவைப் பார்த்தான். அவள் நண்டு ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தான். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா நிக்கிற, ஈரத்த மாத்து," என்றார் அங்கமுத்து. பிறகு யாருக்கும் சொல்லாததுபோல, "என் தோளப் பத்தி யாரும் பேச வேணாம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது," என்றார்.

சாயங்காலம் நண்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் தின்றுவிட்டுப் போகச் சொல்லி வாத்தியாரை இருசம்மாளே நிறுத்தினாள். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. வழக்கமாக அவள் கைக்கு அப்படி ஆகாது. யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் இரண்டாம் தரம் வாங்கித் தின்றார்கள்.

*

விடிந்தபோது ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. அங்கமுத்துவே தோணியைத் தள்ளினார். இருசம்மாள் மகனுக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மேல்துண்ட எடுத்துக்க, பனியா கீது," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

கோட்டைக்குள் சன்னலோரமாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கமுத்துவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஞானதாஸும் சகாதேவனும் சுவரோரம் நின்றார்கள். துரை தருமனை எதிரில் நிற்க வைத்து, பலப்பத்தைக் கையில் கொடுத்து, முதலில் பழைய கணக்கையே சொன்னார். ஏழு படகு, பதினைந்து பொதி.

அவன் சரியாக எழுத வேண்டும் என்று ஞானதாஸ் நினைத்தார். உடனே நண்டு ஓட்டைப் பொறுக்கிய கைகள் நினைவுக்கு வந்தன. தப்பாக எழுதிவிடட்டும் என்று நினைத்தார். உடனே வாசலில் நிற்பவரின் தோள் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு பிள்ளை விடை எழுதும்போது எந்த விடை வர வேண்டும் என்று தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

பலப்பம் பலகையில் கீச்சிட்டது. 105.

துரை தலையாட்டினார். அடுத்த கணக்கைச் சொன்னார். முகத்துவாரத்தில் ஐந்து இடத்தில் கயிறு விட்டுப் பார்த்தார்கள். மூன்றரை பாகம், நாலேகால், மூன்றேமுக்கால், ஐந்து, மூன்றரை. ஐந்தையும் சமமாக நிரவினால் எத்தனை பாகம்?

தருமன் இந்த முறை எழுதவில்லை. கண்ணை மூடி, உதடு அசைய ஒருமுறை கூட்டினான்.

"நாலு பாகம்," என்றான்.

சகாதேவன் அதைச் சொன்னார். துரை புன்னகைத்து, போதும் என்பதுபோல் கையைத் தூக்கினார். தருமன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"ஆனா நாலு பாகம்னு நம்பிக் கப்பல உள்ள உட்டா தட்டும்னு சொல்லுங்க. மூணரைக்குத்தான் பாக்கணும். அதுவும் தை மாசம் மணல் வந்து சேரும். எங்க நைனாவக் கேட்டா எந்தப் பக்கம் சேரும்னு சொல்லுவாரு."

துபாஷி சொல்லி முடித்ததும் துரை எழுந்தே விட்டார். ஞானதாஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். கேட்டதில் ஒரே விஷயம்தான் அவர் காதில் நின்றது. துரை கேட்காததையும் பையன் சொன்னான்.

வாசலில் அங்கமுத்துவிடம் சேதியைச் சொன்னது சகாதேவன். "தேறிட்டான். தை அஞ்சாந்தேதி கப்பல். வைகாசிக்குள்ள திரும்பிடும்னு சொல்றாங்க. உங்க வீட்டுக்கு இனிமே ஊழியம் கெடையாது."

அங்கமுத்து கும்பிட்டார். ஆனால் நகரவில்லை. "வைகாசிக்குள்ளன்னா மெய்யாலுமே வைகாசியா?" என்று கேட்டார். சகாதேவன் பதில் சொன்ன பிறகு மறுபடியும் அதையே கேட்டார். தோணியில் ஏறியபின் வாத்தியாரைப் பார்த்து, "இத்தினி நாளா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன், இப்போ வைகாசி எப்போ வரும்னு கீது," என்றார்.

*

தை ஐந்தாம் தேதி கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. கப்பலின் பாய்மரம் தூரத்தில் குச்சிபோலத் தெரிந்தது. கரையில் தையல் படகை எட்டுப் பேர் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்பதாவது ஆளாக அங்கமுத்து நின்றார்.

"உனக்குத்தான் ஊழியம் இல்லியே, நீ ஏன் வர்ற?" என்று படகுத் தலைவன் குப்பன் கேட்டான்.

"நான் ஊழியத்துக்கு வரல. எம் புள்ளய ஏத்திவுட வர்றேன்," என்று சொல்லி இடப்பக்கத் துடுப்பை எடுத்துக்கொண்டார் அங்கமுத்து. குப்பன் நகர்ந்து இடம் விட்டான்.

இருசம்மாள் ஒரு பானையில் வறுத்த கருவாட்டையும், ஒரு துணியில் பொரிமாவையும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஆறு நாளாக அவளும் மகனும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டியா, வலய மடிச்சியா, அந்தக் கயித்த எடு. சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாத்தியார் பத்தடி தள்ளி நின்றிருந்தார். அங்கே இருப்பதா போவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

படகு தண்ணீரைத் தொட்டதும் அவள் மகனின் கையில் மூட்டையைக் கொடுத்தாள். கொடுத்தவள் மூட்டையை விடவில்லை.

"தருமா. ஒண்ணு கேக்கறேன். மொத நாள் நான் சொன்னேன், நீ அப்டி எயுதின. மறுநாள் ஏன்டா சரியா எயுதின?"

தருமன் படகைத் திரும்பிப் பார்த்தான். அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"மறுநா நீ ஒண்ணும் சொல்லலயேம்மா," என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அன்று காலை கூழ்ச் சட்டியோடு எதிரில் நின்றதும், வாயெடுத்ததும், மேல்துண்டைப் பற்றிச் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. ஒருதரம் சொன்னால் போதும் என்று இருந்தாளா, போகட்டும் என்று விட்டாளா, அதன்பிறகு எத்தனை நாள் யோசித்தும் அவளுக்குத் தெளியவில்லை.

"ஆமா," என்றாள். "சொல்லல."

மூட்டையை விட்டாள்.

அவன் ஏறினான். குப்பன் குரல் கொடுத்தான். எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில் விழுந்தன. அங்கமுத்துவின் துடுப்பு அரை மூச்சு பிந்தி விழுந்தது. முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கியது. இரண்டாவதில் ஆட்கள் தெரியவில்லை. மூன்றாவது அலைக்கு அப்பால் மறுபடியும் படகு தெரிந்தபோது, அத்தனை தூரத்தில் யார் தருமன் என்று அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, வைகாசிக்குள்ள வந்துடுவான்," என்றார் ஞானதாஸ்.

"வரட்டும்," என்றாள் இருசம்மாள். சேலையின் நனைந்த ஓரத்தைப் பிழிந்து செருகிக்கொண்டாள். "அவுரு திரும்பி வர்றதுக்குள்ள எண்ண காய்ச்சி வெக்கணும். தோளு இன்னிக்கி ராத்திரி தூங்க வுடாது."

மணலில் ஏறி, ஏரிப் பக்கம் நடந்தாள்.